ஆறாந்தேதிக்காரர்

அந்த போன் பேச்சு மொத்தம் நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அன்று காலை மட்டும் அதை ஐந்தாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஹெட்போனின் இடது பக்கப் பஞ்சு பிய்ந்துபோய் ஒரு வருடமாகிறது. புதிது வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த கடிதம் யார் மேசையிலோ தூங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் முக்கியமான இடம் வரும்போது வலது காதோடு அதை உள்ளங்கையால் அழுத்திக்கொள்வேன். ஐம்பதாவது விநாடியில் அந்த இடம். "எந்தத் தேதிக்குப் பாக்கணும் சார்?" என்று எங்கள் அழைப்பு மையப் பெண் கேட்கிறாள். சொல்லிவைத்தாற்போல் அந்தப் பக்கம் டைல்ஸ் அறுக்கும் மெஷின் வீரிடுகிறது. அது ஓய்கிற இடத்தில் ஓர் ஆண் குரலின் மிச்சம்: "...றாந்தேதிம்மா." முன்பாதி மெஷினுக்குள் போய்விட்டது. 'வர்ற ஆறாந்தேதி' என்று நினைத்துக்கொண்டு கேட்டால் அப்படித்தான் கேட்கிறது. 'பதினாறாந்தேதி' என்று நினைத்துக்கொண்டு கேட்டால் அதுவும் பொருந்துகிறது.

இரண்டு நிமிடம் நாற்பத்தொன்றாவது விநாடியில் எங்கள் பெண் எல்லாவற்றையும் திரும்ப வாசிக்கிறாள். "பதினாறாந்தேதி காலைல ஆறு பத்துக்குக் கிளம்புற விமானம், ஒரு பயணி, ஒரு பெட்டி, போறதுக்கு மட்டும், சரிங்களா?" மூச்சு விடாமல் ஒரே ஓட்டம். அதற்கு அவர், "ம்... சரிம்மா, சரிம்மா" என்கிறார். எங்கள் நிறுவனத்தின் கணக்குப்படி விஷயம் அந்த இரண்டு சரிம்மாவில் முடிந்துவிட்டது.

விமான நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எனக்கு இது பதினேழாவது வருடம். தவறிப்போன விமானம், தவறாக விழுந்த பெயர், தவறான ஊர், தவறான தேதி என்று மக்கள் எழுதி அனுப்புவதைப் படித்து, பதிவுகளைக் கேட்டு, பதில் எழுதுவது என் வேலை. பதிலின் கடைசிப் பத்தி எப்போதும் ஒன்றேதான். 'பயணச்சீட்டில் உள்ள விவரங்களைச் சரிபார்த்துக்கொள்வது பயணியின் பொறுப்பாகும்.' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்த வரியை எழுத நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. உண்மையில் பெரும்பாலும் அதுதான் நியாயமும். தன் பெயரில் வந்த சீட்டை ஒரு மனிதன் ஒரு தடவை பார்க்கக்கூடாதா?

அவரும் பார்த்திருக்கலாம். முதல் தடவை அலுவலகத்துக்கு வந்தபோது நான் அதைத்தான் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும். துவைத்துத் தேய்த்த சட்டை, ஆனால் நகக்கண்களில் சிமென்ட் வெள்ளை. நாற்காலியில் உட்காருவதற்கு முன், முழங்கால்களை ஒரு நொடி கையால் பிடித்து இறக்கினார். முப்பது வருடமாகத் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் போடுகிறவர்.

"உங்க போனுக்கு டிக்கெட் வந்துச்சே, பாக்கலையா ஐயா?"

"வந்துச்சு மேடம். டிக்கெட் வந்துடுச்சுன்னு பாத்தேன். உள்ள என்ன இருக்குன்னு பாக்கல. பாத்திருக்கணும்."

வழக்கமாக இந்த இடத்தில் ஆட்கள் குரலை உயர்த்துவார்கள், அல்லது போன் கெட்டுப்போயிருந்தது என்பார்கள். இவர் பாத்திருக்கணும் என்று சொல்லிவிட்டார். மீதியையும் அவராகவே சொன்னார். அண்ணனோடு ஒன்பது வருடம் பேச்சில்லை. ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். "காரணமெல்லாம் சின்னதும்மா. வருஷந்தான் பெரிசாப் போயிடுச்சு" என்றார். போன மாதம் இரண்டாம் தேதி அண்ணனே கூப்பிட்டிருக்கிறார். ஏழாம் தேதி காலையில் நெஞ்சில் ஆபரேஷன், அதற்கு முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று. இவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்தே எங்களுக்கு போன் செய்து டிக்கெட் போட்டார். ஆறாம் தேதி விடியற்காலையில் விமான நிலையத்துக்குப் போனால், உங்கள் டிக்கெட் பதினாறாம் தேதிக்கு என்றார்கள். அன்றைக்கு எல்லா இருக்கையும் நிறைந்துவிட்டது. மறுநாள் மாலைதான் இடம் கிடைத்தது. போய் இறங்கியபோது அண்ணன் ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் இருந்தார். ஒன்பதாம் தேதி அந்த மயக்கத்திலேயே போய்விட்டார்.

"ஆபரேஷனுக்கு அண்ணன உள்ள கூட்டிக்கிட்டுப் போறப்போ மூக்குக் கண்ணாடியக் கழட்டச் சொன்னாங்களாம். வாசலப் பாத்துக்கிட்டே, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னாராம். அண்ணி சொன்னாங்க."

நான் என் முன்னால் இருந்த கோப்பை ஒரு தடவை மூடித் திறந்தேன்.

"அதோட போயிருந்தா பரவால்ல மேடம். என் அண்ணன் மகன், ஏன் சித்தப்பா முன்னாடியே வரலைன்னு கேட்டான். டிக்கெட் எடுத்தேன்டா, பாருன்னு போனை நீட்டினேன். அதுல பதினாறுன்னு போட்டிருக்கு. ரெண்டாந்தேதி எடுத்த டிக்கெட். படிச்சுப் பாத்துட்டு அவன் சொல்றான், எல்லாம் முடிஞ்சப்புறம் சாவகாசமா வரலாம்னு இருந்தீங்களா சித்தப்பான்னு. சாட்சின்னு நான் நீட்டினதே எனக்கு எதிரா நின்னுடுச்சு."

என்ன வேண்டும் என்று கேட்டேன். எங்களிடம் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அவர் கேட்டது அதில் இல்லை.

"தப்பு யாருதுன்னு எழுத வேணாம். நான் ஆறாந்தேதி கேட்டேன்னு மட்டும் ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. உங்க முத்திரை வச்சு."

கிளம்பும்போது கதவருகில் நின்று, செருப்புக் குதிகாலால் தரையைத் தட்டினார். "இந்த டைல்ஸ் வெத்துச் சத்தம் போடுது மேடம். கீழ கலவை நிரம்பல. பாரம் வச்சா விரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினேழு வருடமாக நான் நடக்கிற தரை அது. அதற்கு ஒரு சத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது.

எங்கள் மேலாளரும் நானும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் மாடி ஏறினார், நான் நாற்காலியைத் தேய்த்தேன். கோப்பைப் படித்துவிட்டு அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே. "ஒரு டிக்கெட் இலவசமாக் குடுத்துடலாம். எங்க வேணாலும் போகட்டும், எப்ப வேணாலும் போகட்டும். நல்லெண்ண அடிப்படையில."

"அவரு அதக் கேக்கலையே. ஒரு வரி எழுதித் தரச் சொல்றாரு."

"டிக்கெட் குடுக்கலாம். எழுத்து மட்டும் குடுக்க முடியாதும்மா. இன்னைக்கு ஒரு வரி குடுத்தா, நாளைக்கு அதைத் தூக்கிக்கிட்டு வக்கீல் வருவாரு. அவரு சரின்னு சொல்லியிருக்காரா இல்லையா? பதிவுல இருக்கா இல்லையா?"

இருக்கிறது. இரண்டு தடவை இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் என் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் இருந்து, குழாய் ஒழுகுது, ஆள் வரச் சொல்லணும் என்றேன். "ம், சரி" என்றார். பெரியவள் பள்ளியில் வியாழக்கிழமை கூட்டம் இருக்கிறது என்றேன். "சரி சரி." எனக்குள் ஏதோ ஒன்று தட்டியது. குரலை மாற்றாமல், "நாளைக்கு உங்க மண்டையை மொட்டையடிச்சு பச்சை பெயின்ட் அடிக்கப் போறேன்" என்றேன். "ம்... சரிம்மா" என்றார். பெரியவள் சிரித்த சிரிப்பில்தான் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்னே?"

"நீங்கதான் சரின்னுட்டீங்களே, இனி ஒண்ணும் பண்ண முடியாது."

சிரித்தபடியே கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நாம் ஒரு நாளைக்கு எத்தனை சரி சொல்கிறோம். நீ பேசு, நான் இருக்கிறேன் என்பதற்குச் சரி. போதும், விடு என்பதற்குச் சரி. போனை வைக்கட்டுமா என்பதற்கும் சரிதான். இத்தனையையும் நாங்கள் ஒரே பெட்டியில் போட்டு, 'பயணி உறுதி செய்தார்' என்று மேலே ஒட்டிவிடுகிறோம். பதினேழு வருடத்தில் எத்தனை பேருடைய சரியை அப்படி ஒட்டினேனோ.

மறுநாள் முதல் தளத்துக்கு இறங்கிப் போனேன். அந்தப் பேச்சில் எங்கள் பக்கம் பேசிய பெண்ணை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படி ஒரு குரல். வேலைக்கு வந்து எட்டு மாதம். தவறு என்று குறிப்பு விழுந்தால் கணக்கில் ஒன்று ஏறும். மூன்று ஏறினால் அந்த நாற்காலி இல்லை. அவள் கணக்கில் ஏற்கெனவே இரண்டு இருந்தது எனக்குத் தெரியும். இது மூன்றாவது என்று அவளுக்கும் தெரியும்.

"வாசிச்சுக் காட்டினேனேக்கா. சரின்னுதானே சொன்னாரு."

"ஏன் அவ்வளவு வேகமா வாசிச்சே?"

"மெதுவா வாசிச்சா நாலு நிமிஷத்தத் தாண்டிடும். இதுவே பன்னெண்டு செகண்டு தாண்டிடுச்சுன்னு அன்னைக்குப் பேச்சு வாங்கினேன்."

என்னிடம் பதிவு இருந்தது. கேட்கிறாயா என்றேன். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். ஐம்பதாவது விநாடி வந்ததும், பின்னால் தள்ளித் திரும்பக் கேட்டாள். பிறகு இன்னொரு தடவை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல், தடுப்பில் அவள் ஒட்டி வைத்திருந்த பேருந்து நேரப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"வர்ற ஆறாந்தேதின்னுதான்க்கா சொல்றாரு. 'வர்ற'வோட கடைசி மெஷினுக்குப் பின்னால லேசாக் கேக்குது. எனக்கு அன்னைக்கு அப்படிக் கேக்கல." ஹெட்போனைக் கழற்றி வயரை ஒழுங்காகச் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "நம்ம தப்புன்னே போடுங்க. அவரு எதுக்காகப் போனாரு?"

சொன்னேன். சொல்லாமலே வந்திருக்கலாம். அடுத்த அழைப்பு வந்துவிட்டதால் அவள் திரும்பிக்கொண்டு, "வணக்கம், சொல்லுங்க சார்" என்றாள். குரல் அதே ரேடியோ குரல்தான்.

அறிக்கையில் இரண்டு கட்டங்கள் உண்டு. தவறு: பயணி, நிறுவனம். இரண்டுக்கும் நடுவில் வேறு கட்டம் கிடையாது. நான் நிறுவனம் என்ற கட்டத்தில் குறியிட்டேன். கீழே, இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி, தேதியை நாம் வாசித்துச் சரியா என்று கேட்கக் கூடாது, பயணியையே சொல்லச் சொல்ல வேண்டும், நான்கு நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது என்று எழுதினேன். பயணியும் தன் சீட்டைத் திறந்து பார்க்கவில்லை, அதை அவரே ஒப்புக்கொண்டார் என்பதையும் எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு மேலே அனுப்பினார். "இது உள்ளுக்குள்ள இருக்கற காகிதம். அவரு கைக்குப் போகாது" என்று நினைவூட்டினார். ரேடியோவை வேலையை விட்டு எடுக்கவில்லை. தொலைந்த பெட்டிகளைத் தேடிக் கொடுக்கும் பிரிவுக்குக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அங்கே பேசவேண்டிய வேலை குறைவு. சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள், ஆனால் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை.

ஆறாந்தேதிக்காரர் (அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது) இரண்டாம் தடவை வந்தபோது அவரிடம் கொடுக்க என் கையில் அந்த இலவச டிக்கெட் மட்டும்தான் இருந்தது. "எனக்கு எங்க போகவேண்டியிருக்கு?" என்று டிக்கெட் கவரைத் திறக்காமலே திருப்பி என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் சொன்னேன். எங்கள் விதிகளில் ஒரு மூலையில் ஒரு படிவம் இருக்கிறது. தன் பேச்சின் பதிவைப் பயணி நேரில் வந்து கேட்கலாம், உடன் ஒருவரையும் அழைத்துவரலாம். நான் வந்த நாளிலிருந்து யாரும் அதைக் கேட்டு வந்ததில்லை. பிரதியெடுத்துத் தர முடியாது, எழுதித் தர முடியாது. கேட்கலாம், அவ்வளவுதான்.

அவர் கவரைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தார். "இந்த டிக்கெட்டை வேற ஆளு பேருக்குப் போடலாமா?"

அன்றே தன் அண்ணன் மகனைப் போனில் கூப்பிட்டார், என் எதிரிலேயே. கேக்குறதுக்கு என்ன இருக்கு என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. பிறகு ஒரு பெண் குரல். இவர், "சொல்லுங்க அண்ணி" என்று எழுந்து நின்றுகொண்டார். மகனைப் போகச் சொன்னது அண்ணிதான் என்று பிறகு தெரிந்தது. போய்க் காதால கேட்டுட்டு வா, அப்புறம் பேசு என்றாராம்.

டிக்கெட்டை நானே போட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக நான் ஒரு டிக்கெட் போட்டதில்லை. "எந்தத் தேதி?" என்றேன். "இருபத்தொண்ணு. இருபதுக்கு அடுத்த நாள். செவ்வாக்கிழமை" என்றார். நாள்காட்டியில் விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். அண்ணன் மகனின் பெயரை அடையாள அட்டையில் இருக்கிறபடி எழுத்தெழுத்தாக அவர் சொல்ல, நான் அடித்தேன். காகிதத்தில் எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, மேலிருந்து கீழே வாய்விட்டுப் படித்தார், பெட்டியின் எடை வரை.

"சரியா இருக்கா ஐயா?"

வாயைத் திறந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "அந்த வார்த்தை மட்டும் என் வாயில வராதும்மா. ஆமா, இருக்கு."

இருபத்தொன்றாம் தேதி பதினொரு மணிக்கு இருவரும் வந்தார்கள். அண்ணன் மகனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். லிஃப்ட் மெக்கானிக். விறைப்பாக இருந்தான். தண்ணீர் வேண்டுமா என்றதற்குத் தலையை மட்டும் அசைத்தான். சித்தப்பா இழுத்துப் போட்ட நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தான். படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் பக்கத்து மேசையிலிருந்து நல்ல ஹெட்போன் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. என் திரையில் பச்சைக் கோடு நகர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு என்ன கேட்கிறது என்பது கோடு நிற்கும் இடத்தை வைத்து எனக்குத் தெரியும். ஐம்பதில் புருவம் சுருங்கியது. இரண்டு நாற்பத்தொன்றில் நிமிர்ந்தான். முடிந்ததும், "இன்னொரு தடவ" என்றான். மூன்று தடவை கேட்டான். மூன்றாம் தடவை ஐம்பதில் நிறுத்தச் சொல்லி, அந்த இரண்டு விநாடியை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். டைல்ஸ்காரர் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துவதைப் பார்க்கிற பையனைப்போல் உட்கார்ந்திருந்தார்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"ஆறுன்னுதான் சொல்றீங்க."

அவர் தலையாட்டினார்.

"அப்புறம் அந்தப் பொண்ணு பதினாறுன்னு சொல்லுது. நல்லாத் தெளிவா. நீங்க சரிங்கறீங்க."

"ஆமாப்பா."

"எப்படி சித்தப்பா? எப்படிக் கேக்காமப் போகும்?" குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க அவன் கோபப்படப் பார்த்தான், வரவில்லை. "ஒரு வார்த்தை சித்தப்பா. ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தா அப்பா உங்களப் பாத்திருப்பாரு."

எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. விதிப்படி நான் கூடவே இருக்க வேண்டும்.

"அண்ணன் கூப்பிட்டுட்டாரு" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "ஒன்பது வருஷம் கழிச்சு. அது மட்டுந்தான்ப்பா அன்னைக்கிக் காதுல இருந்துச்சு. அந்தப் பொண்ணு என்ன சொல்லியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

அவன் ஹெட்போனை என் பக்கம் நகர்த்தினான். இதை அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டலாமா என்று என்னிடம் கேட்டான். முடியாது என்றேன். அப்படியானால் நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றான். எதைச் சொல்வான், ஆறையா, சரியையா என்று நான் கேட்கவில்லை. படிவத்தின் கடைசியில் 'பதிவைக் கேட்டவரின் கருத்து' என்று ஒரு வெற்றிடம் உண்டு. பேனாவை அதன்மேல் பிடித்துக்கொண்டு யோசித்தான். பிறகு எதுவும் எழுதாமல் மூடிக் கொடுத்தான்.

அவர்கள் போன பிறகு சன்னலருகில் போய் நின்றேன். எங்கள் கட்டடத்துக்கு எதிரில்தான் பேருந்து நிறுத்தம். வெயில் ஏறியிருந்தது. அண்ணன் மகன் சாலையைக் கடந்து முதலில் போய் இருக்கையின் ஒரு கோடியில் உட்கார்ந்தான். டைல்ஸ்காரர் பின்னாலேயே போய், உட்காராமல் நிழற்குடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். விமான நிலையத்துக்குப் போகும் பேருந்து வந்தது. மாலை விமானத்துக்கு அவன் அதில்தான் போகவேண்டும். கதவு திறந்தது, இரண்டு பேர் ஏறினார்கள், கதவு மூடியது. பேருந்து நகர்ந்து விலகியதும் பார்த்தேன். இருவரும் அங்கேயே இருந்தார்கள். அவர் இப்போது உட்கார்ந்திருந்தார்.